பேராயர் கேட்ட காலி மூலை

பேராயர் அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது ஸ்டீபன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் இரும்பு உருக்காலையின் பின்பக்கம், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கன்னிமார்மேடு தூய அந்திரேயா ஆலயத்துக்கு அவன்தான் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. மைக் செட்டுக்குச் சொல்வது, தண்ணீர் தொட்டி நிறைந்ததா என்று பார்ப்பது, சபையில் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, அவ்வளவுதான். அந்தச் சபையைத் தேடிப் பேராயர் அலுவலகம் கூப்பிடுவது, கலெக்டர் ஆபீசிலிருந்து டீக்கடைக்குப் போன் வருகிற மாதிரி.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் பேராயர் ஐயா அங்க வர்றாரு. மாலை, மேளம், சாப்பாடு எதுவும் வேணாம்னு சொல்லச் சொன்னாரு," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அப்புறம், உங்க கல்லறைத் தோட்டத்துல பின்னால ஒரு மூலை காலியா இருக்குமாம். இன்னும் காலியாத்தான் இருக்கான்னு கேட்டாரு."

"பாத்துட்டு சொல்றேன் சார்," என்று ஸ்டீபன் போனை வைத்தான். டீ ஆறிப்போனது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? காலியாகத்தான் இருக்கிறது. காலியாக இருப்பதுதானே வம்பு.

கல்லறைத் தோட்டம் ஆலயத்தை ஒட்டினாற்போல், கல்கத்தா ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு பக்கம் கம்பெனி மதில், இன்னொரு பக்கம் லாரிகள் நிற்கிற மைதானம். வெள்ளைச் சட்டைத் தரகர்கள் அந்தப் பக்கம் வந்தாலே மதிலுக்கு மேலே எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஸ்டீபனின் மனைவி ஜெனிபர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து அங்கேதான் கிடக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் விட்டு வைத்திருந்தான். அவனுக்கென்று இந்த உலகத்தில் வேறு நிலம் கிடையாது.

சாயங்காலமே பொருளாளர் ஆசீர்வாதம் வந்து சேர்ந்தார். ஆலயத்துப் படியில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டவர், "முடிஞ்சிதுடா," என்றார். "ரெண்டு மாசத்துல ரிட்டயர்டு ஆவப் போறாரு. போறதுக்கு முன்னால நெலத்துல கை வெக்காம போவாங்களா? எங்கியோ ஒரு ஊர்ல மிஷன் ஆஸ்பத்திரி நெலத்தையே வித்துட்டாங்கன்னு பேசிக்கல?"

"இவரு அப்பிடிப்பட்ட ஆளா?"

"எப்பிடிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் ஸ்டீபனை அரிக்கத் தொடங்கியது. பேராயர் சாமுவேல் வரதன் என்ற பெயரை ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்தில் சொல்கிறார்கள். பிள்ளைகளைச் சபையில் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒரு தடவை இங்கே வந்தும் இருக்கிறார். மேளம் முன்னால் போக, காரிலிருந்து பீடத்துக்கும், பீடத்திலிருந்து பிரியாணிக்கும், பிரியாணியிலிருந்து காருக்கும் அவரைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மோதிரத்தையும் கோலையும் பார்த்தார்களே தவிர மனிதரை யார் பார்த்தார்கள்?

சரி, விசாரிப்போம் என்று ஸ்டீபன் இறங்கினான். இறங்கினால் விடமாட்டான். வள்ளூரில் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்யும் மைத்துனனைக் கூப்பிட்டான். அங்கே சாமுவேல் வரதன் முன்பு ஆயராக இருந்தவர். "நல்ல மனுஷன் மச்சான். பிரசங்கம் மட்டும் நீளம். ஒரே ஒரு விஷயம், வந்த மொத வாரமே கல்லறைத் தோட்டத்த சுத்திப் பாத்தாரு," என்றான் மைத்துனன். பொதட்டூர்பேட்டையில் ஒரு தூரத்து உறவைப் பிடித்தான். அங்கேயும் அவர் ஆயராக இருந்திருக்கிறார். "ஆமா நைனா, கல்லறைக்கு மதில் கட்டினதே அவருதான். கொழந்தைங்கள எங்க பொதைப்பீங்கன்னு கேட்டாரு," என்றது உறவு. கடம்பத்தூர் அவர் பிறந்த ஊர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். மகன் ரயிலேறித் தாம்பரம் போய்ப் படித்து, வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தி, அப்புறம் பேராயர் ஆகியிருக்கிறார். அங்கே யாருக்கும் கல்லறை பற்றித் தெரியவில்லை. ஆனால் பேராயரானதும் அவர் அனுப்பிய முதல் சுற்றறிக்கை ஸ்டீபனுக்கே ஞாபகம் வந்தது. அவன்தான் அதை ஆலயத்தில் வாசித்தான். ஞானஸ்நானம் பெறாத குழந்தை இறந்தாலும் மணி அடிக்க வேண்டும், சிலுவை நட வேண்டும், மூலையில் ஒதுக்கிப் புதைக்கக் கூடாது. சம்பளம், பள்ளிக்கூடம், கோர்ட் கேஸ் என்று ஆயிரம் தலைவலி இருக்க, ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்த உடனே இதற்கா கையெழுத்துப் போடுவார் என்று அப்போதே சபையில் முணுமுணுத்தார்கள்.

"பாத்தியா? போன எடத்துல எல்லாம் கல்லறைய அளந்துக்கினே வந்துக்கீறான் மனுஷன்!" என்று ஆசீர்வாதம் தொடையில் தட்டினார். அடுத்த சந்தேகமும் அவருக்கே வந்தது. "அதெல்லாம் உடு. நம்ம தோட்டத்துல பின்னால மூலை காலியா கீதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? அன்னிக்குப் பிரியாணி துன்னுட்டு நேரா காருக்குத்தானே போனாரு?"



ஸ்டீபனின் மகள் பிரின்சி, செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, போன் போட்டு எதுக்கு வர்றீங்கன்னு அவரையே கேட்டா இன்னா?" என்றாள். நல்ல யோசனை. அதனால்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆசீர்வாதம் வேறு யோசனை வைத்திருந்தார். "காலி மூலை இன்னும் காலியா கீதான்னுதானே கேட்டாரு? காலியா இல்லாம பண்ணிட்டா?"

கல்லறை இருக்கும் மண்ணை எந்தக் கொம்பனும் வாங்க மாட்டான். கன்னிமார்மேட்டில் வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமா? சனிக்கிழமை பட்டப்பகலில் வேலை நடந்தது. பக்கத்து வயல்காரர் கோபால், சபையைச் சேர்ந்தவர் இல்லை, ஆனால் தரகர்களைக் கண்டால் அவருக்கும் ஆகாது. டிராக்டரில் ஏரி மண் கொண்டுவந்து கொட்டினார். மூலையில் முளைத்திருந்த நித்தியகல்யாணிச் செடிகளைக் களைந்துவிட்டு ஆறடி நீளத்துக்கு மேடு மேடாகக் குவித்தார்கள். ஸ்டீபன் பழைய இரும்புக் கோணங்களையும் தகடுகளையும் வெட்டி ஒட்டிச் சிலுவைகள் செய்தான். மதியத்துக்குள் செத்தவர் யாரும் இல்லாமலேயே இருபது கல்லறைகள் எழுந்துவிட்டன. அவசரத்தில், மேலே பூசிய சிவப்பு பிரைமர் பெயின்ட் காயவில்லை. ஒரு சிலுவையின் பின்பக்கத்தில், அது எச்சரிக்கைத் தகடாக இருந்த காலத்து 'அபாயம்' என்ற எழுத்தும் மண்டையோடும் அப்படியே இருந்தன.

"அத மதில் பக்கம் திருப்பி வெய்," என்றார் ஆசீர்வாதம்.

ஆயர் ஜோஷ்வாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவருக்கு ஐந்து ஊர்ச் சபை. ஞாயிறு சாயங்காலம் வேறு ஊரில் ஆராதனை.

சொன்னபடி கார் வந்தது. கொடியோ பின்னால் இன்னொரு வண்டியோ இல்லை. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிலுவையுமாகப் பேராயர் இறங்கினார். அங்கி இல்லாமல் பார்த்தபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி இருந்தார். காருக்குள் அவர் மனைவி சுகிர்தா அம்மா, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரின்சி பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்க் கொடுக்க, கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமர நிழலில் அமர்ந்தார்.

"நீ இங்கயே இரு. நான் பாத்துட்டு வந்து கூப்பிடறேன்," என்று பேராயர் மனைவியிடம் சொல்லிவிட்டு நடந்தார். வழி காட்ட ஸ்டீபன் முன்னால் போகத் தேவையே இருக்கவில்லை. மனிதர் நேராகப் பின்பக்கத்து மூலைக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேடுகளையும் சிலுவைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு சிலுவையில் கை வைத்தார். எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

"இவ்வளவு பேரா?" என்றார் பேராயர். குரலில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. "இது யாருப்பா?"

ஆசீர்வாதத்தின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது. "அது... கோபால் ஐயா. நல்ல மனுஷன். டிராக்டர் ஓட்டிக்கினு இருந்தாரு."

பின்னால் இளநீர் சீவிக்கொண்டிருந்த கோபால் நிமிர்ந்தார். "யோவ், இன்னாய்யா!" என்று ஆரம்பித்து, ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, செத்தவருக்கு உரிய மரியாதையோடு வாயை மூடிக்கொண்டார்.

பேராயர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வரிசைக்குள் போய்க் குனிந்து குனிந்து தரையைத் தேடினார். மதிலை ஒருதரம் பார்ப்பார், வேப்பமரத்தை ஒருதரம் பார்ப்பார், இரண்டடி தள்ளி நிற்பார். சிவந்த கையைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். கடைசியில் ஒரு மேட்டின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தெரியலப்பா. எதுன்னு தெரியல," என்றார்.

"எது ஐயா?"

"என் பொண்ணு."

ஸ்டீபனுக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை. பேராயர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். குருத்துவம் பெற்று ஆயராவதற்கு முன்னால், டீக்கன் என்கிற உதவி ஊழியராக முதன்முதலில் அவரை அனுப்பியது இந்தச் சபைக்குத்தானாம். உதவிக்கு வருகிறவன் பெயர் ஆயர்கள் பலகையில் ஏறாது, அதனால் யாருக்கும் தெரியாது. அப்போது இங்கே இப்படிப்பட்ட ரோடும் கம்பெனியும் கிடையாது. சைக்கிளில் சுற்றினார். முதல் குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் மூச்சுத் திணறியது. அந்த நேரத்தில் அவர் அடுத்த ஊரில் சாகக் கிடந்த வேறொரு குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கப் போயிருந்தார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது இது போய்விட்டது.

"ஞானஸ்நானம் ஆகல. அப்ப சபை மூப்பருங்க வெச்சிருந்த சட்டம் அப்பிடி. மணி கிடையாது, சிலுவை கிடையாது, மூலையிலதான். நானே ஊருக்குச் சட்டம் சொல்ற எடத்துல இருந்தேன், என் புள்ளைக்கு மட்டும் எப்பிடி மாத்தறது? ஒரு துணியில சுத்தி நானே எடுத்துக்கினு வந்தேன்." அவர் பேச்சில் கடம்பத்தூர் திரும்பி வந்திருந்தது. "இவ பச்ச ஒடம்புக்காரி. அழைச்சிக்கினு வர உடல. அடுத்த மாசமே மாத்தல் வந்திடுச்சி. அவ இந்த எடத்தப் பாத்ததே இல்ல. நானும் கூப்பிடல, அவளும் கேக்கல. போன வாரந்தான் கேட்டா. ரிட்டயர்டு ஆனதும் பையனோட கோயமுத்தூர் போறோமே, ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னா."

வேப்பமர நிழலில் சுகிர்தா அம்மா இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்ற பார்வை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான் ஸ்டீபன். அவன் மனசில் அவ்வளவு விஷம் ஏறியிருந்தது. நிலம் வேண்டுமென்றால் தரகன்கூட அழுவான். இதெல்லாம் வெறும் மண் என்று இப்போது வாயைத் திறந்தால், நாளைக்கே அந்த மூலைக்கு அளவுகல் வந்துவிடும். மூலை போனால் அடுத்தது ஜெனிபர். ஆசீர்வாதம் முழங்கையால் இடித்தார். 'பேசாத' என்று அதற்கு அர்த்தம்.

"அடையாளம் ஏதாச்சும் வெச்சீங்களா ஐயா?" என்று கேட்டது பிரின்சி.

"சிலுவைதானே வெக்கக் கூடாது. சூளையில வேலை செஞ்ச ரோசம்மாள்னு ஒரு அம்மா, யாருக்கும் சொல்லாம கூடையில செங்கல் கொண்டாந்து குடுத்தாங்க. சுத்தியும் பதிச்சேன், ஒரு தொட்டில் அளவுக்கு. அந்தச் சூளைக் கல்லுல நட்சத்திர முத்திரை இருக்கும். அது மேல தெரிஞ்சா யாருனா கேப்பாங்கன்னு நட்சத்திரத்த உள்பக்கமா திருப்பி வெச்சேன். அதையும் காணோம்."

ஸ்டீபன் திரும்பி ஜெனிபரின் தலைமாட்டைப் பார்த்தான்.

ஜெனிபரை அடக்கம் செய்த மறுவாரம், அவள் தலைமாட்டில் கட்டுவதற்குக் கல் தேடி இந்த மூலைக்குத்தான் வந்தான். நித்தியகல்யாணிச் செடிக்குக் கீழே, மதிலில் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்துக்கு நேராக, தரையோடு தரையாகச் செங்கற்கள் இருந்தன. பழைய மாட்டுத் தொட்டியோ என்னவோ என்று கடப்பாரையால் நெம்பி எடுத்தான். மண்ணைத் தட்டியபோது ஒவ்வொன்றின் உள்முகத்திலும் ஒரு நட்சத்திரம். அழகாக இருக்கிறதே என்று ஜெனிபருக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக் கட்டினான். நட்சத்திரம் உள்பக்கம் இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பதித்தவருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிய வழியே இல்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும் என்பார்கள். இங்கே அதுகூடப் பரவாயில்லை. ஒரு தாய் வாசலில் உட்கார்ந்திருக்க, அவள் குழந்தையை இருபது பொய்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

"ஐயா," என்றான் ஸ்டீபன். "இதுல எதுலயும் ஆள் இல்ல."

"டேய்!" என்றார் ஆசீர்வாதம்.

"நேத்து கொட்டின மண்ணு ஐயா. சிலுவை நான் அடிச்சேன். நீங்க இந்த எடத்த விக்க வர்றீங்கன்னு நெனச்சிட்டோம். கோபாலு தோ நிக்கிறாரு, இளநிய வெச்சிக்கினு."

கோபால் என்ன செய்வதென்று தெரியாமல் இளநீரை நீட்டினார்.

பேராயர் கோபாலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஸ்டீபன் பயந்தான். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்ததில் கன்னத்திலும் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"உங்கள இன்னாப்பா சொல்றது? நெலம்னா மொதல்ல எங்க மேலதான் சந்தேகம் வருது, அந்த மாதிரி நடந்து வெச்சிருக்கோம்," என்றார். "போறதுக்கு முன்னால இந்தத் தோட்டம் சபைக்குத்தான்னு எழுதிக் குடுத்துட்டே போறேன். இப்ப என் புள்ள எங்கன்னு சொல்லு."

"சொல்றேன் ஐயா. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கல்ல எடுத்தவனும் நான்தான்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஸ்டீபன் நின்ற நிலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

மதிலில் குழாய் நுழையும் இடத்துக்கு நேராக இருந்தது 'அபாயம்' சிலுவை நட்ட மேடுதான். அந்தச் சிலுவையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்வெட்டி படக் கூடாதென்று ஸ்டீபனும் ஆசீர்வாதமும் கோபாலும் கையாலேயே மண்ணை அள்ளினார்கள். கீழே பழைய தரை வந்தது. களைந்த நித்தியகல்யாணியின் வேர் வந்தது. செங்கல் இருந்த பள்ளங்கள், ஒரு தொட்டில் அளவுக்கு, அப்படியே இருந்தன.

சுகிர்தா அம்மாவைப் பிரின்சி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். நாற்காலி போட்டார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட காலை ஒருபக்கம் நீட்டி, தரையில் உட்கார்ந்தார். அந்தச் சின்னச் சதுரத்தைக் கையால் தடவினார். "இம்மாந்தானா?" என்றார்.

ஸ்டீபன் ஜெனிபரின் தலைமாட்டுக்குப் போய்ச் செங்கற்களைப் பெயர்த்தான். இரண்டு நடையில் கொண்டுவந்து அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னான். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அவர் ஒரு கல்லை எடுத்து நட்சத்திரத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"உன் சம்சாரம் பேரு இன்னா?"

"ஜெனிபருங்கம்மா."

"பாதிய அவங்களுக்கே வெச்சிடுப்பா. இவ்ளோ நாள் அவங்களாச்சும் பக்கத்துல இருந்தாங்களே." பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு மணி அடிக்கல இல்ல?"

"அடிக்கல," என்றார் பேராயர்.

பிரின்சி யாரும் சொல்லாமலே ஆலயத்துக்கு ஓடினாள். மணி விட்டு விட்டு ஒலித்தது, சாவுக்கு அடிக்கிற மாதிரி. ஸ்டீபன் இருபதிலும் நேரானதாக ஒரு சிலுவையைத் தேர்ந்து தலைமாட்டில் நட்டான். எத்தனையோ பேரை வாய்ப்பாடாக அடக்கம் செய்து வைத்த பேராயருக்கு ஜெபம் தொடங்க வார்த்தை வரவில்லை.

மணிச் சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. ஷிப்டு முடித்து வந்தவர்கள் சீருடையோடும், பெண்கள் மாவுக் கையோடும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். "யாருப்பா போய்ட்டது?" என்று ஒரு குரல் கேட்டது.

"பேராயர் ஊட்டுப் பொண்ணு," என்றான் ஸ்டீபன்.

"ஐயோ, எப்போ?"

"எப்பவோ. இன்னிக்குத்தான் அடக்கம்."

"பேரு இன்னா?"

ஸ்டீபன் திரும்பிப் பேராயரைப் பார்த்தான். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்கு அவர் பெயர் வைத்திருக்கவில்லை.

"ஹெப்சிபா," என்றார் சுகிர்தா அம்மா, தரையிலிருந்தபடியே, கேட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. "வயித்துல இருக்கும்போதே வெச்சிட்டேன்."

பேராயர் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெயரை அவரும் அப்போதுதான் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.